எங்களுக்காகவும் முஸ்லிம்களுக்காகவும்

அருள்மறை அல்குர்ஆன் பெயர் சுட்டிக் கூறும் பெண்மணி ஒருவரே. நபிமார்களின் அன்னையர், துணைவியர், மகளிர் எனப் பலரைப் பற்றி அது பேசுகின்றது. ஆயினும் மூஸா (அலை) அவர்களின் அன்னையாரையும், ஃபிர்அவ்னின் மனைவியாரையும், ஸபா நாட்டு அரசியாரையும்கூட உறவாலும் நிலையாலும் குறிப்பிடுகின்றதேயன்றிப் பெயரால் குறிப்பிடவில்லை. மர்யம் (அலை) அவர்களின் பெயரோ 34 இடங்களில் வருகின்றது. 98 வசனங்கள் கொண்ட பத்தொன்பதாம் அத்தியாயம் அப்பெருமாட்டியின் பெயராலேயே வழங்குகின்றது. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஓதிக் காட்டியதும், கேட்ட மன்னரின் தாடி கண்ணீரால் நனைந்ததும் அந்த அத்தியாயத்தின் தொடக்கப் பகுதிக்கே என்பதை நம் இல்லங்களில் சிறுவர்களும் அறிவர்.

அப்பெருமாட்டியின் பெயரால், வட ஆப்பிரிக்கக் கடற்கரையில், கடலை நோக்கிச் செங்குத்தாய் நிற்கும் குன்றொன்றின் உச்சியில், கத்தோலிக்கக் கிறித்தவர்கள் எழுப்பிய ஆலயம் ஒன்றுண்டு. அல்ஜீரியாவின் தலைநகரான அல்ஜியர்ஸில் அது உள்ளது. 'ஆப்பிரிக்காவின் அன்னை' என்பது அதன் பெயர். அதன் பீடத்துக்கு மேலே வளைந்து செல்லும் சுவரில் பிரஞ்சு மொழியில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. 'ஆப்பிரிக்காவின் அன்னையே, எங்களுக்காகவும் முஸ்லிம்களுக்காகவும் மன்றாடுவீராக' என்பது அதன் பொருள்.

கிறித்தவ ஆலயத்தின் கருவறைச் சுவரில் முஸ்லிம்களின் பெயர்! இச்செய்தியை முதன்முதலாக அறிந்த நாளிலிருந்தே, அவ்வாசகத்தை எவ்வாறு எடுத்துக்கொள்வது என்னும் வினா நம் உள்ளத்தில் தங்கிவிட்டது. அது பரிவா? அன்றி, நம்மை நம் மார்க்கத்திலிருந்து பெயர்த்தெடுக்கும் விருப்பமா? அயலாரை அணைத்துக்கொள்ளும் சொல்லா? அன்றி, ஆண்டவர்கள் ஆளப்பட்டவர்களைக் குனிந்து பார்த்துச் சொன்ன சொல்லா? ஒரு சொல்லின் பொருளை அகராதி பாதி சொல்லும். சொன்னவர் யார், எங்கே நின்று, எந்நிலையில் சொன்னார் என்பது மீதியைச் சொல்லும். அரபு இலக்கணமும் பலாகத்தும் கற்பிக்கும் நமக்கு இது அன்றாடப் பாடம். எனவே, அவ்வாசகம் இருக்குமிடம் சென்று காண வேண்டும் என்னும் ஆவல் பல்லாண்டுகளாக இருந்தது.

கட்டுமானப் பொறியாளரான நம் மகனுக்கு அல்ஜீரியாவில் பணி கிடைத்தது. 2024 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நாமும் நம் துணைவியாரும் அவரிடம் சென்று ஒரு திங்கள் தங்கினோம். அவ்வாறு இறைவன் அவ்வாய்ப்பை அருளினான்.

அந்நகரை அரபியர் 'அல்ஜஸாயிர்' என்பர். 'தீவுகள்' என்பது அதன் பொருள். துறைமுகத்துக்கு எதிரே முற்காலத்தில் இருந்த சிறு தீவுகளால் வந்த பெயர் அது. நகருக்கும் நாட்டுக்கும் அரபியில் அதுவே பெயர். வெண்ணிற வீடுகள் படிப்படியாக மலைச்சரிவில் ஏறி நிற்க, கீழே மத்தியதரைக் கடல் நீலமாய் விரிந்து கிடக்கின்றது. நாம் பேசிய இலக்கண அரபியைக் கேட்டுக் கடைக்காரர்கள் புன்னகைத்தனர். அவர்கள் பேசிய அரபியோ பெர்பர் சொல்லும் பிரஞ்சுச் சொல்லும் விரவி, நம் செவிக்குப் பிடிபடாமல் ஓடிற்று. ஆயினும், நாம் 'ஹிந்த்' நாட்டு உஸ்தாது என்று அறிந்ததும், அவர்களும் நமக்காக மெல்ல மெல்ல ஏட்டு அரபிக்கு ஏறி வந்தனர்.

குன்றின் மேலுள்ள ஆலயத்துக்குச் செல்லுமுன், கஸ்பா என்னும் பழைய நகரின் அடிவாரத்திலுள்ள கெச்சாவா பள்ளிவாசலில் லுஹர் தொழுகையை நிறைவேற்றினோம். இது தற்செயலாக அமைந்ததன்று. அவ்வாறே செல்ல வேண்டும் என்று நாமே வகுத்துக்கொண்டோம். காரணம் உண்டு.

1830 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பிரஞ்சுப் படைகள் அந்நாட்டுக் கரையில் இறங்கின. ஜூலை 5 ஆம் நாள் அல்ஜியர்ஸ் நகரம் பணிந்தது. அன்று எழுதப்பட்ட உடன்படிக்கையில், இஸ்லாமிய மார்க்கத்தைக் கடைப்பிடிப்பதற்குத் தடையிராது என்று பிரஞ்சுத் தளபதி உறுதி கொடுத்தார். அவ்வுறுதியின் மை காய்ந்து மூன்றாண்டுகள்கூட ஆகவில்லை. 1832 ஆம் ஆண்டில் நகரத்தின் அழகிய பள்ளிவாசலாகிய கெச்சாவா, மக்களின் எதிர்ப்பையும் மீறிப் படைபலத்தால் பறிக்கப்பட்டுக் கிறித்தவப் பேராலயமாக்கப்பட்டது. 130 ஆண்டுகள் அது அவ்வாறே இருந்தது. நாடு விடுதலை பெற்ற 1962 ஆம் ஆண்டில்தான் அங்கே மீண்டும் பாங்கொலி எழுந்தது. விடுதலை நாளும் ஜூலை 5 ஆகவே அமைந்தது. அண்மைக் காலத்தில் பழுது பார்க்கப்பட்டு, 2018 ஆம் ஆண்டில் அப்பள்ளி மீண்டும் திறக்கப்பட்டது. அதன் குளிர்ந்த தூண்களுக்கிடையே ஸுஜூது செய்து எழுந்தபோது, குன்றின் மேலுள்ள வாசகத்தை நியாயமாகப் படிப்பதற்கு இங்கிருந்து புறப்படுவதே முறை எனத் தோன்றிற்று. பறிகொடுத்தவனின் நினைவை மறைத்துவிட்டுப் பரிவைப் பற்றிப் பேசுவது பொய்யாகும்.

பாபுல் வாத் பகுதியைக் கடந்து வண்டி வளைந்து வளைந்து மேலேறிற்று. ஆலயம் இருக்கும் பகுதிக்கு இன்று பொலகீன் என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் அல்ஜியர்ஸ் நகரை நிறுவிய ஸீரி குலத்து இளவரசர் புலுக்கீனின் பெயர் அது. கடல்மட்டத்திலிருந்து 124 மீட்டர் உயரத்தில் ஆலயம் நிற்கின்றது. வெண்சாம்பல் நிறக் குவிமாடமும், வளைவுகளும், நீலம் கலந்த ஓட்டு வேலைப்பாடுகளும் கொண்ட அதைத் தொலைவிலிருந்து காண்பவர் பள்ளிவாசல் என்றே எண்ணக்கூடும். ஃப்ரோமாஜோ என்னும் கட்டடக் கலைஞர் பைசாந்திய முறையைத் தழுவி, அந்நாட்டு இஸ்லாமியக் கட்டடக் கலையின் சாயலையும் சேர்த்து அதை அமைத்தார். 1858 ஆம் ஆண்டில் தொடங்கிய பணி 1872 ஆம் ஆண்டில் நிறைவுற்றது.

அதன் தொடக்கம் மிக எளியது. 1846 ஆம் ஆண்டில் ஆயர் பவீ என்பவர் பிரான்சின் லியோன் நகரிலிருந்து அல்ஜியர்ஸுக்கு வந்தபோது, மார்கரித் பெர்ஜே, அன்னா சேன்கேன் என்னும் இரு எளிய பெண்மணிகளும் உடன் வந்தனர். லியோனில் குன்றின் மேல் மர்யம் (அலை) அவர்கள் பெயரால் அமைந்த ஃபூர்வியேர் ஆலயத்துக்குச் சென்று பழகிய அவர்களுக்கு, வந்த ஊரில் அப்படியோர் இடம் இல்லையே என்னும் ஏக்கம். குன்றின் சரிவிலிருந்த ஓர் ஒலிவ மரப் பொந்தில் சிறு சிலையொன்றை வைத்து அங்கே வேண்டுதல் செய்து வந்தனர். அவ்விருவரின் ஏக்கமே நாளடைவில் இப்பெருங்கட்டடமாயிற்று. தாயகம் விட்டு வந்தவர்கள் தம் ஊரின் வழிபாட்டிடத்தை வந்த ஊரில் மீண்டும் கட்டிக்கொள்வது மனித இயல்பு. கடல் கடந்து வணிகம் செய்த நம் முன்னோரும் இறங்கிய துறைதோறும் அதையே செய்தனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் தராசுடன் இறங்கினர். இவர்கள் பீரங்கியின் பின்னால் இறங்கினர்.

வாயிலில் நாம் சற்று நின்றோம். கிறித்தவ ஆலயத்துள் முஸ்லிம் நுழையலாமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெறுக்கத்தக்கது என்பாரும், அவர்களின் இசைவு பெற்று நுழையலாம் என்பாரும், உருவங்கள் இருப்பின் ஆகாது என்பாரும் உளர். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பில் ஆலயத்தில் தொழுவது பற்றித் தனித் தலைப்பே வகுத்துள்ளார்கள். உருவங்களின் பொருட்டு உமர் (ரலி) அவர்கள் நுழைவதைத் தவிர்த்ததையும், உருவமில்லா ஆலயத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தொழுததையும் அங்கே காண்கின்றோம். தொழும் நோக்கமோ, அங்குள்ள வழிபாட்டில் கலந்துகொள்ளும் நோக்கமோ நமக்கு இல்லை. அறியும் நோக்கம் மட்டுமே இருந்தது. அனுமதிக்கும் அறிஞர்களின் கூற்றை ஏற்று, வாயிற்காவலரிடம் இசைவு கேட்டோம். அவர் ஒரு முஸ்லிம். "ஷைக், இங்கு வருபவர்களில் பெரும்பாலோர் நம்மவர்களே; வாருங்கள்" என்றார். அந்நாட்டு மக்கள் இவ்விடத்தை 'மதாம் லஃப்ரீக்' என்று பேச்சுவழக்கில் அழைக்கின்றனர். வயது முதிர்ந்த மாதர் 'லல்லா மர்யம்' என்பர். 'லல்லா' என்பது மூத்த பெண்டிரை மதித்து அழைக்கும் மொழி.

உள்ளே அரையிருள். சுவரெங்கும் சிறு சிறு பளிங்குப் பலகைகள். கப்பல் கவிழாது கரை சேர்ந்தவர், நோய் நீங்கியவர், போரினின்று மீண்டவர் எனத் தலைமுறை தலைமுறையாக நன்றி தெரிவித்துப் பதித்தவை. பீடத்தின் மேல் கரிய நிறம் பெற்ற வெண்கலச் சிலை. அதன் பின்புறச் சுவரின் வளைவில், நாம் தேடி வந்த வாசகம்.

மகன் எழுத்துக் கூட்டிப் படித்துப் பொருள் சொன்னார். 'முஸ்லிம்களுக்காகவும்' என்னும் சொல்லில் நம் கண் நிலைத்தது. 'எங்களுக்காக' என்பதை அடுத்து, இடையில் ஓர் 'உம்' மட்டுமே. அரபியில் 'வாவுல் அத்ஃப்' என்போமே, அது போன்றதோர் இணைப்பு. இணைப்புச் சொல் இரு பக்கத்தையும் ஒரே தகுதியில் நிறுத்தும் என்பது இலக்கணம். எழுதியவர்கள் அத்தகுதியை உண்மையில் தந்தனரா என்பது வரலாறு விடை சொல்ல வேண்டிய வினா.

வரலாறு ஒரே விடையைச் சொல்லவில்லை. ஆலயத்தை 1872 இல் அர்ப்பணித்தவர் பேராயர் லவிஜெரி. 1867, 1868 ஆம் ஆண்டுகளில் அந்நாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியபோது, அனாதையான முஸ்லிம் குழந்தைகளைத் திரட்டி அவர் உணவளித்தார். அதே கையால் அவர்களைக் கிறித்தவர்களாக்கவும் விரும்பினார். இதன் பொருட்டுப் பிரஞ்சு ஆளுநருக்கும் அவருக்குமே பூசல் எழுந்தது. அவர் 1868 ஆம் ஆண்டில் நிறுவிய துறவியர் குழுவினர் அந்நாட்டவரைப் போலவே வெள்ளை அங்கியும் புர்னூஸும் அணிந்து 'வெண்ணுடைத் தந்தையர்' எனப் பெயர் பெற்றனர். ஆகவே, அவ்வாசகம் பொறிக்கப்பட்ட நாளில் அதில் மதமாற்ற விருப்பம் இல்லையென்று சொல்வது வரலாற்றுக்கு நீதியாகாது.

ஆனால், இங்கே நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். தவ்ஸ் குலத்தார் மறுத்தபோது, அவர்களைச் சபிக்குமாறு கேட்கப்பட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அவர்களுக்கு நேர்வழி கிடைக்க வேண்டுமென்றே இறைஞ்சினார்கள். நாமும் அயலாருக்கு ஹிதாயத்தை வேண்டுகின்றோம். தாம் மேலானது என நம்பும் ஒன்று அயலானுக்கும் கிடைக்க வேண்டும் என ஒருவன் விரும்புவது பகையன்று. அவ்விருப்பம் வேண்டுதலாக இருக்கும்வரை அயலானின் உரிமை அவனிடமே இருக்கின்றது. அது படையின் துணையோடு பள்ளிவாசலின் கதவைத் தட்டும்போதும், பசித்த குழந்தையின் முன் உணவோடு சேர்த்து நீட்டப்படும்போதும் வேறொன்றாகிவிடுகின்றது. கெச்சாவாவில் நடந்தது வன்முறை. இச்சுவரில் இருப்பது வேண்டுதல். இரண்டும் ஒரே காலத்தவரின் செயல்கள்தாம். ஆயினும் இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்த நம் நீதியுணர்வு இடந்தரவில்லை.

இவ்வாசகம் தோன்றுவதற்கு முன்பே, இதன் கருத்தை ஒரு முஸ்லிம் ஒரு கிறித்தவ ஆயருக்குக் கற்பித்தார் என்பது நம் வாசகர்கள் அறியத்தக்க செய்தி. அவர் அமீர் அப்துல் காதிர் (ரஹ்). 1808 ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1832 முதல் 1847 வரை பிரஞ்சுப் படைகளை எதிர்த்துப் போராடிய வீரர்; ஆழ்ந்த ஸூஃபி; பேரறிஞர். 1841 ஆம் ஆண்டில், அல்ஜியர்ஸின் முதல் ஆயரான துபூஷ் என்பவரிடம் ஒரு பெண்மணி வந்து, அமீரின் படையினரிடம் சிறைப்பட்ட தம் கணவரை மீட்டுத் தருமாறு அழுதார். ஆயர் அமீருக்கு மடல் எழுதினார். அமீரின் மறுமொழியின் கருத்து இது: இறைவனின் தொண்டர் என்றும் மனிதரின் நண்பர் என்றும் சொல்லிக்கொள்ளும் நீர் ஒருவரின் விடுதலையை மட்டும் கேட்பானேன்? எம்மிடமுள்ள கிறித்தவக் கைதிகள் அனைவரையும் கேட்டிருக்க வேண்டும். அதனினும் மேலாக, உங்கள் சிறைகளில் வாடும் முஸ்லிம்களுக்காகவும் அதே பரிவைக் காட்டியிருந்தால், உம் பணி இருமடங்கு உயர்ந்திருக்கும்.

ஆயர் நாணினார், ஆனால் சினங்கொள்ளவில்லை. அவ்வாண்டே இருதரப்புக் கைதிகளும் பரிமாறிக்கொள்ளப்பட்டனர். பிற்காலத்தில் அமீர் பிரான்சில் சிறை வைக்கப்பட்டபோது, அவர் விடுதலைக்காக எழுதியும் பேசியும் உழைத்தவர்களுள் அதே துபூஷும் ஒருவர். 1852 ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற அமீர், இறுதியில் டமாஸ்கஸில் குடியேறினார். 1860 ஆம் ஆண்டில் அங்கே கிறித்தவர்கள் மீது கலகக்காரர்கள் பாய்ந்தபோது, தம் நாட்டைப் பறித்தவர்களின் மார்க்கத்தார் என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. தம் இல்லத்தின் கதவைத் திறந்துவிட்டார். தம் அல்ஜீரியத் தோழர்களைக் காவல் நிறுத்தினார். ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் காத்தார். போப்பாண்டவரும் அவருக்குச் சிறப்பு விருது அனுப்பினார். 'எங்களுக்காகவும் அவர்களுக்காகவும்' என்பதைச் சுவரில் எழுதாமல் தம் வாழ்வில் எழுதிக் காட்டியவர் அவர்.

அக்கருத்தைக் கிறித்தவர் பக்கத்திலிருந்து வாழ்ந்து காட்டியவர் ஒருவர் இதே ஆலயத்துள் அடக்கமாகியுள்ளார். அவர் கர்தினால் துவால். 1954 ஆம் ஆண்டில், விடுதலைப் போர் மூண்ட அதே ஆண்டில், அவர் அல்ஜியர்ஸின் பேராயரானார். பிரஞ்சுப் படையினர் முஸ்லிம் கைதிகளைச் சித்திரவதை செய்வதை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். அதனால் வெகுண்ட குடியேறிகள் அவரை 'முஹம்மது துவால்' என்று ஏசினர். அவர்கள் இழிவெனக் கருதிச் சூட்டிய பெயர் எத்தகைய பெயர் என்பதை அவர்கள் அறியவில்லை! விடுதலைக்குப் பின் இலட்சக்கணக்கான ஐரோப்பியர் வெளியேறியபோதும் அவர் வெளியேறாமல், 1965 ஆம் ஆண்டில் அல்ஜீரியக் குடியுரிமையே பெற்றுக்கொண்டார்.

1990 களில் அந்நாடு தன் குருதியிலேயே மூழ்கிற்று. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கொலைக்குத் தீர்ப்புச் சொல்ல மறுத்த இமாம்களும் அவர்களுள் அடங்குவர். 1996 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திப்ஹிரீன் மடத்துத் துறவியர் எழுவர் கடத்தப்பட்டுப் பின்னர் கொல்லப்பட்டனர். மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள் அப்பழியை ஏற்றனர். துறவிகளுக்குத் தீங்கிழைக்காதீர் என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் படைத்தலைவருக்கு இட்ட கட்டளையைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் நமக்கு, இதை எழுதும்போது கை கூசுகின்றது. மே 30 ஆம் நாள் கர்தினால் துவால் காலமானார். ஜூன் 2 ஆம் நாள், அவருக்கும் அவ்வெழுவருக்கும் இறுதிச் சடங்கு இந்த ஆலயத்தில்தான் நடைபெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், ஓரான் நகர ஆயர் கிளாவெரியும், அவருடைய முஸ்லிம் ஓட்டுநரான முஹம்மது பூஷிக்கி என்னும் இளைஞரும் ஒரே குண்டில் மாண்டனர். அவ்வாயரும் திப்ஹிரீன் எழுவரும் உட்பட 19 பேர் 2018 ஆம் ஆண்டு டிசம்பர் 8 ஆம் நாள் ஓரானில் அருளாளர்களாக அறிவிக்கப்பட்டனர். அந்த ஓட்டுநரின் பெயர் அப்பட்டியலில் இராது. அவர் கூலி இறைவனிடம் இருக்கின்றது.

2003 ஆம் ஆண்டு மே 21 ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கம் ஆலயத்தையும் உலுக்கிற்று. அல்ஜியர்ஸ் மாகாண நிர்வாகமும், ஐரோப்பிய ஒன்றியமும், பிரான்சும், தனியாரும் பொருளுதவி செய்ய, 2007 முதல் 2010 வரை அது செப்பனிடப்பட்டது. முஸ்லிம் நாட்டின் பொதுப்பணம், விரல்விட்டு எண்ணத்தக்க கிறித்தவர்களின் ஆலயத்துக்குச் செலவாயிற்று. பள்ளிவாசல்களோடு மடங்களும் ஆலயங்களும் இறைவனால் காக்கப்படுவதைச் சொல்லும் ஸூரத்துல் ஹஜ்ஜின் கருத்தை அந்நாட்டார் மறக்கவில்லை. இப்போது வளைகுடாவின் மறுபுறத்தில், 265 மீட்டர் உயர மினாராவுடன் ஜாமிஉல் ஜஸாயிர் பெரும்பள்ளி எழுந்து நிற்கின்றது. உலகின் மினாராக்களுள் உயர்ந்தது அது. 2024 ஆம் ஆண்டு பிப்ரவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. அது அமைந்துள்ள பகுதியின் இன்றைய பெயர் முஹம்மதிய்யா. பிரஞ்சு ஆட்சியில் அதற்கு இட்டிருந்த பெயரோ 'லவிஜெரி'!

இவ்வளவையும் எண்ணியவாறு வெளியே வந்து முற்றத்தை அடைந்தோம். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் நிலம் சட்டென முடிந்துவிடுகின்றது. கீழே கல்லறைத் தோட்டங்கள். அதற்கும் கீழே கடல். கடலில் மாண்டு கல்லறை பெறாதவர்களுக்காகக் குருமார் இங்கு நின்று கடலை நோக்கி வேண்டும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது.

கைப்பிடிச் சுவரருகே வெள்ளை ஹாயிக் போர்த்திய ஒரு முதிய மாது நின்றிருந்தார். நம் தலைப்பாகையைக் கண்டு ஸலாம் உரைத்தார். நம் துணைவியாருக்குக் குர்ஆன் ஓதுவதற்கன்றிப் பேசுவதற்கு அரபி தெரியாது. எனினும் சிறிது நேரத்தில் அவ்விருவரும் கைகோத்து நின்றனர். அம்மாது மெல்ல நம்மிடம் கேட்டார்:

"ஷைக், உடல் கிடைக்காதவனுக்கு ஜனாஸாத் தொழுகை உண்டா?"

அவருடைய இளைய மகன் ஓர் இரவில் சிறு படகொன்றில் ஏறி இஸ்பெயின் நாட்டுத் தீவுகளை நோக்கிச் சென்றவன், மூன்றாண்டுகளாகச் செய்தியில்லை. இவ்வாறு செல்வோரை அந்நாட்டில் 'ஹர்ராக்கா' என்பர். 'எரிப்பவர்கள்' என்பது பொருள். அடையாளத் தாள்களை எரித்துவிட்டுச் செல்வதால் வந்த பெயர். அரபியில் 'ஹரக்க' என்றால் எரித்தான். 'ஃகரிக்க' என்றால் நீரில் மூழ்கினான். முதலெழுத்து ஒன்றில்தான் பெருவேறுபாடு. வகுப்பில் இவ்விரு வேர்ச்சொற்களையும் அடுத்தடுத்துக் கரும்பலகையில் எழுதியிருக்கின்றோம். அவ்விரண்டுக்கும் இடையே ஒரு தாய் நிற்பதை அன்றுதான் கண்டோம்.

நாம் மறுமொழி சொல்லத் தயங்கினோம். அவர்கள் மாலிக்கி மத்ஹபினர். அவர்களிடம் மறைவான ஜனாஸாவுக்குத் தொழுகை இல்லை. நம் ஷாபிஈ மத்ஹபில் உண்டு; எனினும் இறப்பு உறுதியானவருக்கே உண்டு. "உக்தீ, மகன் இறந்தான் என்னும் உறுதி உங்களுக்கு வந்துவிட்டதா?" என்றோம். "இல்லை, வல்லாஹி, இல்லை" என்றார். "அப்படியாயின் தொழுகை பற்றிக் கேட்க வேண்டாம். துஆவுக்கு எந்த உறுதியும் தேவையில்லை. உயிரோடிருந்தால் அவனுக்கு அது காவல். இல்லையாயின் அவனுக்கு அது மன்னிப்பு. நீரில் மூழ்கியவரை ஷஹீதுகளுடன் சேர்த்து எண்ணினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்" என்றோம். சற்றுப் பொறுத்து, வேண்டுவதை இறைவனிடம் மட்டுமே வேண்ட வேண்டும் என்பதையும் மென்மையாக நினைவூட்டினோம். அம்மாது சிரித்தார். "ஷைக், நான் கேட்பது அல்லாஹ்விடம்தான். லல்லா மர்யமும் மகனைப் பெற்றுத் தனியே தவித்தவர் அல்லவா? அவர் பெயருள்ள இடத்தில் நிற்க மனம் விரும்புகின்றது. மேலும், இவ்வூரில் கடல் இங்கிருந்துதான் முழுதாய்த் தெரிகின்றது" என்றார்.

அச்சொல் நம்மை நம் குடும்பத்துக்கு இட்டுச் சென்றது. நம் தாய்வழிப் பாட்டனார், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொழும்புக்குச் சரக்கேற்றிய தோணியில் சென்று மீளாதவர். உம்மும்மா அப்போது இருபது வயதைத் தாண்டாதவர். அவர் இத்தா இருக்கவில்லை, மறுமணமும் செய்யவில்லை. காணாமற்போன கணவன் இறந்தான் என்னும் உறுதி வரும்வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பது இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் பிந்திய கூற்று. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ, உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை ஆதாரமாகக் கொண்டு, நான்காண்டுகள் காத்திருந்து, பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து, அவள் விரும்பினால் மறுமணம் செய்துகொள்ளலாம் என்றார்கள். ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்களும் பெண்களின் துயர் கருதி இக்கூற்றை ஏற்றனர். இவையெல்லாம் 'மஃப்கூத்' என்னும் பாடத்தில் வருபவை. ஐம்பதாண்டுக் காலம் திண்ணையில் அமர்ந்து, கடற்காற்றின் திசையைச் சொல்லிக்கொண்டிருந்த உம்மும்மா, அந்தப் பாடத்தின் ஒரு வரியாக வாழ்ந்து மறைந்தார்.

அல்ஜியர்ஸின் அக்குன்றில் நாம் மூவரும் கடலை நோக்கி நின்றோம். கிப்லாவை முன்னோக்கிக் கையேந்தி, அம்மாதின் மகனுக்காகவும், நம் பாட்டனாருக்காகவும், கடலில் போன பெயரறியா மக்களுக்காகவும் துஆச் செய்தோம். அவர்களுள் எவர் எம்மார்க்கத்தினர் என்று எண்ணவில்லை. வாழ்வோர் நலமும் நேர்வழியும் பெறவும், நம் மார்க்கத்தில் மரித்தோர் மன்னிப்புப் பெறவும் வேண்டினோம். மற்றோரின் கணக்கு அருளாளனிடம் இருக்கின்றது. அம்மாதும் நம் துணைவியாரும் 'ஆமீன்' என்றனர்.

ஊர் திரும்பியபின், சுவரிலிருந்த அவ்வாசகத்துக்கு என்ன பொருள் கண்டீர் என்று நண்பர்கள் வினவினர். எழுதியவர்களின் எண்ணத்தை அறிந்தவன் இறைவன். ஆனால், ஒரு வேண்டுதலை யார் எழுதினார் என்பதோடு, அதை யார் காத்தார் என்பதும் அதன் பொருளில் சேரும். கெச்சாவாவை மீட்ட அதே மக்கள், இவ்வாலயத்தை இடிக்காமல், அவ்வாசகத்தை அழிக்காமல், பழுது பார்த்து வைத்திருக்கின்றனர். வாயிலில் முஸ்லிம் காவல் நிற்கின்றார். முற்றத்தில் முஸ்லிம் தாய் நிற்கின்றார். ஆளவந்தோர் பொறித்த 'உம்' என்னும் இணைப்புக்கு உண்மையான தகுதியை, ஆளப்பட்டோரே பின்னாளில் வழங்கியுள்ளனர். நாம் கண்ட பொருள் இவ்வளவே.

இவ்வாண்டு மத்ரஸாவில் 'மஃப்கூத்' பாடம் வந்தபோது, நான்காண்டு, இத்தா, ஃபஸ்கு ஆகிய சட்டங்களை வழக்கம்போல் விளக்கினோம். பின்னர், மாணவர்கள் கிதாபை மூடுமுன், தத்தம் ஊரில் காத்திருக்கும் பெண்கள் எவரேனும் உண்டா எனக் கேட்டோம். கடற்கரை ஊர்களைச் சேர்ந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையுயர்த்தினர். வளைகுடா நாட்டுக்குச் சென்று செய்தியற்றவரின் மனைவி. புயலில் படகோடு போனவரின் தாய். அவர்களுள் அடுத்த தெருவின் மீனவக் கிறித்தவப் பெண் ஒருத்தியும் உண்டு என்றான் ஒரு மாணவன். அவர்கள் அனைவருக்காகவும் அன்றைய பாடத்தைத் துஆவுடன் முடித்தோம். காத்திருப்போரின் கண்களை அருளாளன் அல்லாஹ் குளிரச் செய்வானாக. ஆமீன்.